பதினொரு டிகிரிதான் கணக்கு

2006 இருக்கும். திருச்சியில் ஒரு சோலார் கடையில் பேனல் மாட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து என்னைப் பாதி விஞ்ஞானியாகவே நினைத்துக்கொண்டிருந்த காலம்.

அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போகிற ரோட்டோரம் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மூச்சுத் திணறினால் மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷினைப் போட்டாக வேண்டும். கரண்ட் இல்லாதபோதும் அது ஓடவேண்டும் என்றுதான் பேனல்.

நான் மாடியில் ஸ்டாண்டை முடுக்கும்போது அவர் மனைவி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

“தம்பி, இன்னும் கொஞ்சம் சரிவாத் தூக்கி வைங்களேன். இந்த லாரித் தூசி வழியாமத் தங்குனா, பனியில நனைஞ்சு சிமெண்டாட்டம் இறுகிடும். மொட்டை மாடிக்குப் படியும் இல்ல. ஏணியில ஏறித் தொடைக்க எனக்கு முட்டி வராது.”

“நம்ம ஊருக்குச் சரிவு பதினொரு டிகிரிதாங்க கணக்கு. தூக்குனா கரண்ட் கொறைஞ்சிடும்” என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த ரோடு புத்தகத்தில் இல்லை.

மார்கழியில் அந்த அம்மா கடைக்கு போன் செய்து, பேட்டரி சரியாக ஏறவில்லை என்றார். வெயில் குறைவு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டேன். பொங்கல் கழிந்துதான் போனேன்.

கூடத்தில் வீட்டுக்காரர் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. டிரான்ஸ்பார்மர் எரிந்து ஊருக்கே கரண்ட் இல்லாமல் போயிருக்கிறது. மறுநாள் காலையில் அவருக்குத் திணறல். பேட்டரியில் மெஷின் இரண்டு நிமிடம் ஓடி நின்றுவிட்டது. ஆட்டோ ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஏணி போட்டு ஏறினேன். பேனலின் மேல்பக்கம் பளிச்சென்று இருந்தது. கீழ் விளிம்பில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்குத் தூசி வழிந்து, கல்லாக இறுகிக் கிடந்தது. விளிம்பில் இருக்கும் அந்த ஒரு வரிசை செல்கள் மறைந்தாலே போதும், மொத்தப் பேனலும் படுத்துவிடும். இது பயிற்சியிலேயே சொல்லித் தந்த பாடம்.

அந்த அம்மா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“இப்பவாச்சும் தூக்கி வைங்க தம்பி. பொண்ணு பத்தாவது படிக்குது, லைட்டு வேணும்” என்றார்.

நட்டைக் கழற்றி, பின்கால்களை உயர்த்தி, இருபது டிகிரிக்கு மாட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இன்றும் எந்த மாடியில் ஏறினாலும், அளவு பார்ப்பதற்கு முன் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டிய அந்தப் பத்து நிமிடத்தை இனி யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்?