குணா போட்ட பெரிய ற

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் ஐந்தாவது நாவலின் வெளியீட்டு விழா. மண்டப வாசலில் காரை விட்டு இறங்கியதும் பேனரை நிமிர்ந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

என் நாவலின் பெயர் 'அக்கரை'. பேனரில் இருந்தது 'அக்கறை'.

பினாங்குக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் நின்றால் எதிரே தெரிகிறதே, அதுதான் எங்களுக்கு அக்கரை — பட்டர்வொர்த், மாக் மண்டின், இன்னும் வடக்கே போனால் கெப்பாலா பத்தாஸ். மலாயில் செபராங் என்பதும் அதே அர்த்தம்தான். தீவிலிருந்து தினமும் பெர்ரி ஏறி, மாக் மண்டின் தொழிற்சாலைக்கு, எங்கள் பேச்சில் கிலாங்குக்கு, வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை அது. மூன்று வருடம் எழுதினேன். மூன்று வருடமும் சின்ன ர போட்டுத்தான் எழுதினேன்.

குணா வேகமாக வந்தார். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கூப்பிட்டால் வந்து நிற்பார். கூப்பிடாவிட்டாலும் வந்து நிற்பார்.

"பேனர் எப்படிக்கா? நீங்க அனுப்புன மெசேஜ்ல சின்ன ர போட்டுட்டீங்க. வேலை டென்ஷன்ல கவனிக்கல போல. நானே திருத்திட்டேன் லா."

முகத்தில் அப்படி ஒரு பெருமை. நாவலாசிரியைக்கே எழுத்துப்பிழை திருத்திய பெருமை... திட்டுவதற்கு வாய் வருமா?

"அடிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை காட்டியிருக்கலாமே குணா."

"காட்டினேனே. நீங்க கட்டை விரல் போட்டீங்களே."

போட்டிருந்தேன். பாசாரில் ஒரு கையில் மீன் பையோடு, மூக்குக் கண்ணாடி இல்லாமல், வந்த படத்துக்கு ஒரு கட்டை விரல். புத்தகங்களோ பிரிக்காத பெட்டிகளில் என் வீட்டில் இருந்தன. குணா அட்டையைப் பார்க்க வழியே இல்லை. ஆக, குற்றவாளிகள் இரண்டு பேர்.

இதற்கு ஏன் இவ்வளவு பதற வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

என் நான்காவது நாவலின் வெளியீட்டுக்கு வந்தவர்கள் பதினெட்டு பேர். அதில் நான்கு பேர் பேச்சாளர்கள். இரண்டு பேர் சாப்பாடு கொண்டு வந்தவர்கள். மற்றவர்களில் பாதி என் சொந்தம். அன்று வீட்டுக்கு வரும் வழியில் காரில் அழுதேன். இந்த முறை நாற்பது பேராவது வராவிட்டால் இதுவே என் கடைசி நாவல் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னேன். அவர் முகத்தை வருத்தமாகத்தான் வைத்துக்கொண்டார். ஆனால் எங்கள் வீட்டு விருந்தினர் அறையில் கட்டிலுக்கு அடியிலும் மேலும் என் பழைய நாவல்கள்தான் படுத்திருக்கின்றன என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்பதரை மணிக்கு ஒரு வேன் வந்தது. பின்னாலேயே இன்னொரு வேன். பிறகு இரண்டும் மூன்றுமாகக் கார்கள். பத்து மணிக்கெல்லாம் மண்டபம் நிறைந்துவிட்டது. எழுபது பேருக்குக் குறையாது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. தமிழ் வாசகர்கள் இல்லை என்று யார் சொன்னது?

முன் வரிசையில் ஓர் அக்கா, அறுபத்தைந்து வயது இருக்கலாம், மடியில் ஒரு பிளாஸ்டிக் பைலோடு உட்கார்ந்திருந்தார். பெயர் லெட்சுமி, கெப்பாலா பத்தாஸிலிருந்து வருகிறாராம். வணக்கம் சொன்னேன்.

"ரத்தம் எங்கம்மா எடுக்கிறாங்க? வெறும் வயித்துல வந்திருக்கேன்."

"ரத்தமா?"

"சீனி டெஸ்ட்டுக்குத்தான். பழைய ரிப்போர்ட் எல்லாம் கொண்டாந்திருக்கேன், பாரு."

திரும்பிப் பார்த்தேன். எல்லார் மடியிலும் பைல். ஒருவர் எக்ஸ்ரே உறையே வைத்திருந்தார்.

அப்போதுதான் பேனரை முழுதாகப் படித்தேன். 'அக்கறை — வெளியீட்டு விழா. சிறப்புரை: டாக்டர்...' என்று என் நண்பரின் பெயர். கீழே, 'மதிய உணவு வழங்கப்படும்'. என் நண்பர் தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அதைக் குணா டாக்டர் என்று போட்டதில் தப்பில்லை. ஆனால் அக்கறை, டாக்டர், சாப்பாடு — மூன்றையும் சேர்த்துப் படித்தால் நீங்களே என்ன நினைப்பீர்கள்? இதே படம் வாட்ஸ்அப்பில் அக்கரை முழுக்கச் சுற்றியிருக்கிறது.

முனைவர் இதற்குள் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் வேட்டியை மடித்து முட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் தமிழ் டாக்டருங்க," என்றார் முனைவர் பரிதாபமாக.

"அப்படியா? சித்த வைத்தியமும் நமக்கு ஒத்துக்கும், பரவால்ல."

குணா என்னை ஓரமாக அழைத்துப்போனார். விஷயம் அவருக்கும் புரிந்துவிட்டது. முகம் வெளுத்திருந்தது.

"மன்னிச்சிருங்கக்கா. ஆனா இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. மண்டபம் நெறஞ்சிருக்கு. அப்படியே விழாவ ஆரம்பிச்சிருவோம். உக்காந்தவங்க எந்திரிச்சா போகப் போறாங்க?"

ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. நாற்பது கேட்டேன், எழுபது உட்கார்ந்திருக்கிறது. போட்டோ எடுத்தால் எவ்வளவு அழகாக இருக்கும்... ஆனால் வெறும் வயிற்றில் வந்தவர்களை உட்கார வைத்து நாற்பது நிமிட இலக்கியப் பேச்சா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று மேடையேறினேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். இது மருத்துவ முகாம் இல்ல. நான் ஒரு நாவல் எழுதியிருக்கேன், அதோட வெளியீடு. பேனர்ல ஒரு எழுத்து மாறிப்போச்சு. சாப்பிடாம வந்தவங்க முதல்ல போய்ச் சாப்பிடுங்க. பின்னால மீகூன் இருக்கு, தேத்தண்ணி இருக்கு."

மண்டபம் எழுந்தது. ஒரே நிமிடத்தில் முழு மண்டபமும் பின்பக்கம் போய்விட்டது. மேடையில் நான், கீழே எழுபது காலி நாற்காலிகள், முதல் வரிசையில் என் வீட்டுக்காரர் மட்டும். அவர் எனக்குக் கையசைத்தார். சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன். ஐந்து நாவல் போதும், இனி தோட்டத்தில் கறிவேப்பிலை வளர்க்கலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

லெட்சுமி அக்கா மீகூன் தட்டோடு திரும்பி வந்து, தன் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"எந்த எழுத்து மாறிச்சு?"

சொன்னேன்.

"அப்ப அக்கரைன்னா எங்க பக்கமா? எங்க பக்கத்த எழுதியிருக்கியா? கொஞ்சம் படி, கேப்போம்."

படித்தேன். வேறு என்ன செய்வது? முதல் அத்தியாயம். என் நாயகி விடியற்காலையில் எழுந்து, உணவு டப்பாவை எடுத்துக்கொண்டு, ஏழு மணி ஷிப்டுக்காக ஆறே முக்கால் பெர்ரியைப் பிடிக்கிறாள். கடல், பனி, தூரத்தில் விளக்குகள்... நான் ரசித்து ரசித்து எழுதிய இடம்.

"நிப்பாட்டு," என்றார் அக்கா. "ஆறே முக்காலுக்கு ஏறினா அக்கரைல இறங்கவே ஏழு தாண்டிரும். அப்புறம் பஸ் பிடிச்சு மாக் மண்டின் போவணும். பஞ்ச் கார்டுல நேரம் சிவப்பாவுல்ல விழும்? நான் அங்க இருபத்தாறு வருசம் கிலாங்ல வேலை பாத்தவ. சிவப்பு விழுந்தா அந்த மாச அலவன்ஸ் போயிரும். இந்தப் பொண்ணு என்னா கடலப் பாத்துக்கிட்டு நிக்கிறா?"

நான் ஆராய்ச்சிக்காகப் பெர்ரி ஏறியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். எனக்கு எங்கே பஞ்ச் கார்டு தெரியும்?

அதற்குள் தட்டோடு வந்த இன்னும் நான்கைந்து பேர் உட்கார்ந்துவிட்டார்கள். எக்ஸ்ரே உறைக்காரர், முதல் பெர்ரியில் போனால் பஸ் கிடைக்கும் என்றார். இன்னொருவர், கிலாங் வேனே படகுத்துறைக்கு வரும் என்றார். அது மற்ற கிலாங், நம்ம கிலாங்குக்கு வராது என்று லெட்சுமி அக்கா அவரை அடக்கினார். முனைவர் தன் உரையை மடித்துப் பையில் வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் என் நாயகியை எப்படி நேரத்துக்கு வேலையில் சேர்ப்பது என்று ஒரு மண்டபமே வாதாடியது. பாதிப்பேர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்பதும் உண்மை. நான் எண்ணவில்லை. எண்ண நினைப்பே வரவில்லை.

நம் வெளியீட்டு விழாக்கள் உங்களுக்குத் தெரியும். 'நூலை இன்னும் முழுமையாகப் படிக்கவில்லை, ஆனாலும் அருமையான நூல்' என்று ஆரம்பிப்பார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். நானும் மற்றவர் மேடையில் அப்படிப் பேசியவள்தான். நான்கு நாவல்களுக்கு எனக்குப் பாராட்டு கிடைத்திருக்கிறது. என் கதையில் வரும் பெண்ணுக்குச் சம்பளம் பிடித்துவிடுவார்களே என்று ஒருவர் கவலைப்பட்டது இதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

கிளம்பும்போது லெட்சுமி அக்கா ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதை அந்தச் சீனி ரிப்போர்ட் பைலுக்குள்ளேயே வைத்து மூடினார்.

புதன்கிழமை போன் வந்தது. "பாதி படிச்சிட்டேன். இந்தப் பொண்ண இப்படிப் போட்டு அழ வைக்கிறியே, உனக்கே நல்லாருக்கா? ரெண்டாம் பதிப்புல அந்தப் பெர்ரி நேரத்த மாத்திடு. மறந்துறாத."

குணா இன்னமும் என்னைப் பார்த்தால் தலையைச் சொறிகிறார். பேனரை என்ன செய்வது என்று கேட்டார். பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த மண்டபத்தில் நடந்ததற்கு அவர் போட்ட எழுத்துத்தான் சரியாக இருந்தது.

வீட்டுக்காரர் நேற்று விருந்தினர் அறையில் அலமாரி செய்ய அளவெடுத்துக்கொண்டிருந்தார். ஆமாம், அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டேன். தலைப்பில் ரவும் இல்லை, றவும் இல்லை. ஒரே ஒரு ள இருக்கிறது... குணாவிடம் இன்னும் சொல்லவில்லை.