திரையைத் தாண்டிப் போன படம்

காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் நிக்காஹ் நிச்சயமானால், நௌஷீன் அன்றைக்கு வேலை இல்லாமல் இருக்கிறாளா என்று முதலில் விசாரிப்பார்கள். பெண்கள் பக்கம் படமெடுக்க அவளை விட்டால் ஆளில்லை. அந்தப் பேர் சும்மா வந்ததா என்ன? அவள் போட்ட சட்டம் அப்படி. உள்ளே எடுத்த படம் வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. பெண்கள் கூடத்துக்குள் ஒரு போனும் வரக்கூடாது. வாசலில் தொங்கும் துணிப்பையில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். எடுத்து முடித்ததும் கேமராவிலிருந்து கார்டை உருவி, பெண்ணின் அம்மா கையில் கொடுத்த பிறகுதான் பிரியாணிக்கு உட்காருவாள்.

"காத்துல அனுப்பற வேலையெல்லாம் என்கிட்ட கிடையாதும்மா" என்பாள். ஒரு அம்மா கார்டை முந்தானையில் முடிந்து, மறந்துபோய் சேலையோடு துவைத்தே போட்டுவிட்டாள். காயவைத்துப் பார்த்தால் அத்தனை படமும் பத்திரம்! நௌஷீனுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

சாய்மாவின் கல்யாணத்தில்தான் அந்தச் சட்டத்துக்குச் சோதனை வந்தது. அப்பா உஸ்மானுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் அதே நாளில் நெஞ்சு ஆபரேஷன். கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவர்தான். நிக்காஹ் நடத்தி வைக்கும் ஹஸ்ரத் சம்மதம் கேட்க வருகிறார் என்றதும் சாய்மா முகத்துப் பூச்சரத்தை விலக்கினாள்.

"அப்பா என்னை இந்தக் கோலத்துல பாக்காம நான் சம்மதம் சொல்ல மாட்டேன்."

அம்மா மெஹதாப்புக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெண்கள் கூடத்தை மறைத்த திரைக்கு அந்தப் பக்கம் சாய்மாவின் தம்பி ரெஹான் கத்தினான். "சீக்கிரம்மா! அப்பாவ ஆபரேஷனுக்குக் கூட்டிக்கினு போகப் போறாங்க. உள்ள போனா போனை வாங்கி வெச்சுக்குவாங்களாம்."

அவன் போனை உள்ளே வாங்கி ஒரு படம் எடுத்துவிடலாமே என்றார்கள். "ஒரு போன் வந்தா நாப்பது போன் வரும்" என்று நௌஷீன் மறுத்துவிட்டாள். அவள் கேமராவில் வைஃபை இருந்தது. வாங்கிய நாளாய்த் தொட்டதில்லை. இப்போது தொட்டாள். திரையோரம் நின்று ரெஹானின் போனோடு இணைத்தாள்.

"ஐயோ நௌஷீன் ஆபா, ஆஃப் பண்ணுங்க! உள்ள இருக்கறவங்க எல்லாரும் வர்றாங்க!" என்று ரெஹான் அலறினான்.

துணித் திரை ஆண்களை நிறுத்தும், வைஃபையை நிறுத்துமா? கார்டில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அவன் போனில் வரிசைகட்டத் தொடங்கியிருந்தார்கள். நௌஷீன் கேமராவை அணைத்தாள். போனும் வெறுமையானது.

"சத்தியமா பாக்கல ஆபா, போனைக் கவுத்துட்டேன்" என்றான் ரெஹான், அழாத குறையாக.

"இதுக்கா உன்னைத் தேடிப் புடிச்சோம்?" என்று ஒருத்தி கேட்டாள். நௌஷீனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் முடங்கி உட்காரும் ஆளா அவள்?

"தப்பு என்னுதுதான்" என்று கூடத்துக்கே கேட்கச் சொன்னாள். கார்டை உருவி மெஹதாப் கையில் திணித்தாள். "புடிங்க ஆண்டி. நீங்க எல்லாரும் இதுலதான் இருக்கீங்க. இறுக்கிப் புடிச்சுக்குங்க." பையிலிருந்து வெற்றுக் கார்டு ஒன்றை எடுத்துச் செருகினாள். சாய்மாவைத் தனியாக நிறுத்தி ஒரே ஒரு படம் எடுத்தாள். வைஃபையை மறுபடி போட்டாள்.

"இப்ப என்னா தெரியுது?"

"அக்கா மட்டும்தான், ஆபா. அப்பாவுக்கு அனுப்பிட்டேன்!"

பதில் குரலாக வந்தது. ரெஹான் சத்தத்தைக் கூட்டி வைத்தான். "ஏம்மா மூஞ்ச உம்முனு வெச்சுக்கினு இருக்க? சிரி. பாத்துட்டுப் போறேன்."

சாய்மா அழுகையும் சிரிப்புமாகத் திணறினாள். "கண்ணத் தொடைடி, மை வழியுது!" என்று அதட்டிக்கொண்டே நௌஷீன் இன்னொன்று எடுத்தாள். அதுவும் திரையைத் தாண்டிப் போனது.

"ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சு! அப்பா பாத்துட்டாரு!"

ஹஸ்ரத் வந்தார், கேட்டார். மணப்பெண்கள் வழக்கமாக வாய்க்குள்ளேயே முனகுவார்கள். சாய்மா சம்மதம் சொன்னது ஆண்கள் பக்கத்துக் கடைசி வரிசை வரை கேட்டது.