ட்ரம்லி கவுண்டியின் முன்வாங்கு

ரம்ஸியா அக்காவைப் பற்றி யாராவது எழுதுவதென்றால் அவருடைய இறைச்சிக்கடையைப் பற்றித்தான் எழுதுவார்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், மோர்னிங்சைட் தெருவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிற கடை அது. ஸ்ரௌவ்வில்லுக்கு வீடு மாறிப் போனவர்கள்கூட சனிக்கிழமைகளில் காரில் வந்து வரிசையில் நிற்பார்கள். நான் அதை எழுதப்போவதில்லை. ஒரு பலகை வாங்கில், அதாவது பெஞ்சில், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்காக அவர் போட்ட சண்டையைத்தான் எழுதப்போகிறேன். அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்றவள் நான் ஒருத்திதான்.

என் பெயர் துர்க்கா. இருபத்தைந்து வருடம் ரொறன்ரோவில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள். ரம்ஸியா அக்கா வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். ஊரிலும் தூரமில்லை. அவர் யாழ்ப்பாணம் சோனகத்தெரு, நான் வண்ணார்பண்ணை. தொண்ணூறாம் ஆண்டு புலிகள் இயக்கம் இரண்டு மணித்தியாலம் கொடுத்து முஸ்லிம்களை யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறச் சொன்னபோது அவர் மாற்றுத்துணிகூட இல்லாமல் நடந்தார். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். இதைப் பற்றி அவரும் நானும் ஒரு நாளும் பேசியதில்லை. பேசாமல் இருந்தது என் கோழைத்தனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி ட்ரம்லி கவுண்டி. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் போல ஒன்று. விட்பியைத் தாண்டி வடகிழக்காக ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் வரும். ஒரு சாண் மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். இரண்டு ஆறு, ஒன்பது தேவாலயம், ஒரு பெற்றோல் நிலையம். மனிதரைவிட ஆடுமாடு அதிகம். அங்கே ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஆடு ஏலம் நடக்கும். தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை, நடுவில் மரத்தூள் கொட்டிய வட்டம், சுற்றிவரப் படிப்படியாக வாங்குகள். ஏலம் கூறுபவர் ஜோசுவா. நாற்பது வயதிருக்கும். வாய் திறந்தால் மூச்சு விடமாட்டார், ஏலம் முடிந்தால் பேசமாட்டார்.

அந்தக் கொட்டகையில் முன்வாங்கு என்பது சின்ன விஷயமில்லை. பின்னால் இருப்பவன் விரலைத் தூக்கினால் ஜோசுவாவுக்குத் தெரிவதற்குள் ஆடு விலைபோய்விடும். நல்ல கிடாய்கள் எல்லாம் முன்வாங்குக்கே போகும். அங்கே எட்டுப் பேருக்குத்தான் இடம். யாரும் அதை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதுமில்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும். மூன்று வியாழக்கிழமை தொடர்ந்து வராவிட்டால் இடம் போய்விடும். இது எங்கும் எழுதி ஒட்டப்படாத சட்டம். ஆனால் கவுண்டியில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும்.

ரம்ஸியா அக்காவின் கணவர் இர்ஷாத் பதினைந்து வருடம் பின்னால் நின்றபடியே ஆடு வாங்கினார். பிள்ளையில்லாத ஒரு கிழவர் இறந்தபோது, அப்போது ஏலம் கூறிய ஜோசுவாவின் தகப்பன் இர்ஷாத்தைக் கையால் கூப்பிட்டு முன்னுக்கு இருத்தினாராம். அன்று வீட்டுக்கு வந்து, தனக்குக் கனடாவில் பிரஜாவுரிமை கிடைத்தபோதுகூட இவ்வளவு சந்தோஷம் வரவில்லை என்று சொன்னாராம்.

போன ஜனவரியில் இர்ஷாத் கடையில் நின்றபடியே மாரடைப்பில் போய்விட்டார். ரம்ஸியா அக்கா நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் அத்தனை நாளும் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. எங்கள் தெருவில் அது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாதவர்கள் ட்ரம்லி கவுண்டிக்காரர்கள் மட்டும்தான், அவர்களுக்கு யாரும் சொல்லவுமில்லை. மகன் ஸாஹித் கொட்டகைக்கு ஒரு போன் எடுத்து, "Dad passed away" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். உம்மா இத்தா முடிந்து வருவா என்பதையும் ஒருவருக்குச் சொல்ல வேண்டுமா என்று அவன் நினைத்தான். அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்த நான்கு மாதமும் ரம்ஸியா அக்கா ஓதுகிற நேரம் போக ஒரு புத்தகம் வாசித்தார். ட்ரம்லி கவுண்டியின் வரலாறு. நாற்பது வருடத்துக்கு முன் அச்சான தடித்த புத்தகம். ஏதோ ஒரு கிறிஸ்மஸுக்குக் கொட்டகையில் இர்ஷாத்துக்குக் கொடுத்தது. அதுவரை ஒரு பக்கம் ஆடுகிற தையல் மெஷினின் காலுக்குக் கீழே இருந்தது. நான் கறி கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் எனக்குப் பாடம் நடக்கும்.

"இஞ்ச பாருங்கோ துர்க்கா. ஆதிக்குடிகளுக்கு ஒண்டரைப் பக்கம். சீஸ் ஃபாக்டரியளுக்கு நாப்பது பக்கம். காணியைக் குடுத்தவைக்கு ஒண்டரைப் பக்கம்தானாம்."

"குடுத்ததோ, பறிச்சதோ?" என்றேன்.

"அதைத்தான் அந்த ஒண்டரைப் பக்கத்தில ஒளிச்சு வைச்சிருக்கினம்."

கவுண்டி முழுவதும் அவருக்கு மனப்பாடம். அயர்லாந்தில் பஞ்சம் வந்தபோது வந்தவர்கள் காட்டை வெட்டி முப்பது வருடம் கோதுமை போட்டது, மண் களைத்துப்போய் அடியிலிருந்த கல் தெரிந்தது, பிறகு செம்மறி, பிறகு பால், பிறகு தண்டவாளத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போனது. ஸ்காபரோக்காரர் ஆடு வாங்க வரத் தொடங்கியிருக்காவிட்டால் அந்தக் கொட்டகை எப்போதோ மூடப்பட்டிருக்கும். அது புத்தகத்தில் இல்லை. புத்தகம் அதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது.

"சுண்ணாம்புக்கல்லுக்கு மேல எப்பிடிச் சீவிக்கிறது எண்டு எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை," என்பார். யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக்கல் மண்தானே.

இத்தா முடிந்தபோது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்றரை வாரம் இருந்தது. பெருநாளில் அறுத்துக் கொடுக்கிற குர்பானுக்கு வாடிக்கையாளர்கள் எண்பது ஆடு சொல்லியிருந்தார்கள். எல்லாம் இர்ஷாத் தெரிந்தெடுக்கிற மாதிரி, பழுதில்லாத ஆடு வேண்டும் என்று சொன்னவர்கள். மொத்த வியாபாரியிடம் எடுக்கலாம் என்றான் ஸாஹித்.

"கண்ணால பாக்காத ஆட்டை நான் குர்பானுக்குக் குடுக்கமாட்டன்," என்றார் ரம்ஸியா அக்கா. "துர்க்கா, நீங்கள் வான் ஓடுவியளோ?"

எண்பது பேரோடு மோர்னிங்சைட் தெருவில் பஸ் ஓட்டியவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஓம் என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏலம் தொடங்க இருபது நிமிடம் இருந்தது. முன்வாங்கில் இடப்பக்கமிருந்து மூன்றாவது இடம் இர்ஷாத்தினுடையது. ரம்ஸியா அக்கா கறுப்பு அபாயாவைச் சேர்த்துப் பிடித்தபடி நேராகப் போய் அதில் உட்கார்ந்தார், புத்தகத்தை மடியில் வைத்தார். நான் பின்னால் நின்றேன்.

ஜோசுவா மேடையிலிருந்து இறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றி, இர்ஷாத்துக்காக வருந்துவதாகச் சொன்னார். உண்மையாகத்தான் சொன்னார். பிறகு தரையைப் பார்த்தபடி, இந்த இடம் பெப்ரவரியிலேயே மக்கல்லம் என்பவருக்குப் போய்விட்டது என்றார்.

"நான் வராமல் இருக்கவில்லை. வரக்கூடாத காலத்தில் இருந்தேன்," என்று ரம்ஸியா அக்கா ஆங்கிலத்தில் சொன்னார். இத்தா என்றால் என்னவென்று இரண்டு வாக்கியத்தில் விளக்கினார். கெஞ்சவில்லை. ஜோசுவா தலையை ஆட்டினார், ஆனாலும் மூன்று வியாழக்கிழமை என்பது எல்லாருக்கும் பொதுவான வழக்கம் என்றார்.

அப்போது மக்கல்லம் வந்துவிட்டார். அறுபது வயது, அகன்ற தோள், பச்சைத் தொப்பி. அவருடைய குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"அம்மா, இது எங்கள் குடும்பங்கள் இருந்துவந்த வாங்கு. பின்னால் நிறைய இடம் இருக்கிறது. அவசரப்படுத்த மாட்டேன், இரண்டு நிமிடம் தருகிறேன்."

ரம்ஸியா அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முன்பு கேட்டதில்லை. திரும்பிப் பார்க்காமல், முன்னால் இருந்த மரத்தூளைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்.

"இரண்டு மணித்தியாலம் தந்தவங்களைக் கண்டனான். இவர் இரண்டு நிமிசம் தாறாராம். ஒருக்கா எழும்பினனான், துர்க்கா. இனி எழும்பமாட்டன்."

அந்தக் கொட்டகையில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். அது விளங்கியது எனக்கு மட்டும்தான். முப்பத்துநான்கு வருடத்துக்கு முன் சாத்திய கதவுக்கு உள்ளே நின்றவள் நான்தானே. பிறகு நான் செய்ததை யாரும் செய்யச் சொல்லவில்லை. வாங்கைச் சுற்றிப்போய் அவருக்கும் மக்கல்லத்துக்கும் நடுவில் நின்றேன். பஸ்ஸில் காசு போடாமல் ஏறுபவனை மறிக்கிற நிலையில் நின்றேன். அந்த நிலையில் நிற்கும் என்னை யாரும் இலேசில் நகர்த்த முடியாது.

ரம்ஸியா அக்கா புத்தகத்தை விரித்தார். அடையாளத்துக்கு வைத்திருந்தது கடையின் பற்றுச்சீட்டு ஒன்று. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். எல்லாருக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு ஒரு விவசாயி தீயில் இறந்துபோனார். அவருடைய மனைவி ஒரு வருடம் கறுப்பு உடுத்து வீட்டோடு இருந்தார். அந்த ஒரு வருடமும், ஒவ்வொரு வியாழக்கிழமையும், பக்கத்தில் இருந்தவர்கள் முன்வாங்கில் அவர் கணவரின் இடத்தில் ஒரு தொப்பியை வைத்தார்கள். யாரும் அங்கே இருக்கவில்லை. துக்கம் முடிந்து அவர் வந்து அதில் உட்கார்ந்தார். பிறகு முப்பத்தொரு வருடம் அங்கிருந்தே ஏலம் கேட்டார். அவர் பெயர் ஆக்னஸ் மக்கல்லம்.

வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினார்.

"உங்கள் பூட்டியாருக்கு ஒரு வருடம் கொடுத்தார்கள்," என்றார் பச்சைத் தொப்பிக்காரரிடம். "நான் நான்கு மாதமும் பத்து நாளும்தான் எடுத்தேன்."

மக்கல்லத்தின் முகம் சிவந்தது. ஆக்னஸைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார் என்பது தெரிந்தது. வாசித்திருக்கவில்லை என்பதும் தெரிந்தது. வலக்கோடியிலிருந்த ஒரு கிழவர் செருமினார். அது சிரிப்பை அடக்கிய செருமல். ஜோசுவா மேடையில் ஏறி மைக்கைத் தட்டினார். ஏலம் கூறுபவர் வழக்குத் தீர்ப்பதில்லை. யாருடைய விரலைப் பார்க்கிறார் என்பதுதான் அவருடைய தீர்ப்பு.

முதல் தொகுதியாக ஏழு கிடாய்கள் உள்ளே வந்தன. பழுதில்லாத ஆடுகள். காது கிழியவில்லை, கொம்பு உடையவில்லை, கால் இழுக்கவில்லை. ரம்ஸியா அக்கா முன்னால் குனிந்து ஒவ்வொன்றின் வாயையும் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். ஜோசுவா கத்தத் தொடங்கினார். ரம்ஸியா அக்கா விரலைத் தூக்கினார். எனக்கு அப்பால் நின்றபடி மக்கல்லமும் தூக்கினார். விலை ஏறியது. இரண்டு பேரும் மாறி மாறித் தூக்கினார்கள். கடைசியில் இரண்டு விரலும் ஒரே நேரத்தில் மேலே நின்றன. ஜோசுவாவின் கண் முன்வாங்குக்கு வந்து, அங்கேயே நின்றது. சுத்தியல் விழுந்தது.

"முன்வாங்கு," என்றார் மேடையில் கணக்கு எழுதுகிற பெண்ணிடம். "இர்ஷாத்."

மக்கல்லம் தொப்பியைக் கழற்றினார். பின்வாங்கில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தார். எல்லாம் முடிந்துவிட்டது, இனி ஆடுகளை ஏற்றுவதுதான் மிச்சம் என்று நினைத்தேன்.

ரம்ஸியா அக்காவின் கை இன்னும் இறங்கவில்லை.

"இர்ஷாத் இறந்துவிட்டார்," என்றார் ஜோசுவாவிடம். "ஆட்டை வாங்கியது நான். என் பெயர் ரம்ஸியா. அதை எழுதச் சொல்லுங்கள்."

எழுதுகிற பெண் பேனாவைப் பிடித்தபடி ஜோசுவாவைப் பார்த்தாள். ஜோசுவா அந்தப் பெயரை முதலில் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார்.

"முன்வாங்கு. ரம்ஸியா."

அவள் பழைய பெயரை வெட்டி, மேலே எழுதினாள். ரம்ஸியா அக்கா எட்டிப் பார்த்துச் சரிதானா என்று உறுதிசெய்துகொண்டு, கையை இறக்கினார். அடுத்த ஆடுகளை உள்ளே விட்டார்கள்.