மதுரையில் பழக்கடை வைத்திருக்கும் மாமா

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், எங்களைச் சுற்றுலா கூட்டிப் போகப் போவதாக அப்பா அறிவித்தார். மதுரை சிம்மக்கல்லில் பழக் கமிஷன் கடை வைத்திருந்தவர் அவர். மாம்பழ சீசனில் காய்ச்சல் வந்தால்கூடக் கடையிலேயே படுத்துக்கொண்டு சரக்கை இறக்கச் சொல்லுவார். அப்படிப்பட்டவர் மாம்பழம் வந்து குவிகிற மே மாதத்தில் கடையைச் சாத்திவிட்டு ஊர் சுற்றப் போகிறேன் என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். எனக்கு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. எனக்கு அதுவே பெரிய குழப்பமாக இருந்தது.

ஊர் விஷயம் அதைவிடக் குழப்பம். எங்கள் அலங்காநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் வசதியான பிள்ளைகள் லீவுக்குக் கொடைக்கானல் போவார்கள். அப்பாவோ தரங்கம்பாடி என்றார்.

“கடலு இருக்கு, கோட்ட இருக்கு, ஊரச் சுத்தி மதிலு இருக்கு. இம்புட்டையும் ஒரே எடத்துல எங்க பாப்ப?”

கொடைக்கானலில் குதிரை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

எனக்கு மட்டும் தெரியாமல் இருந்த விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ஒரு தங்கை உண்டு. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, சிம்மக்கல் பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்த்த வேறு சாதிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு அவருடைய ஊரான தரங்கம்பாடிக்குப் போய்விட்டாள். வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். இனி அவள் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொந்தபந்தம் எல்லாரையும் வைத்துக்கொண்டு அப்பா சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மீறுகிற ஆள் இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று யாரோ வந்து சொன்னதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் தங்கையும் பிள்ளையும் தற்செயலாகக் கண்ணில் பட்டால், அது வாசற்படியை மிதித்ததாகாது அல்லவா? தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிட வேண்டும். இதுதான் அவர் போட்ட கணக்கு. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொன்னது. அன்றைக்கு எனக்கு ஓர் அத்தை இருப்பதே தெரியாது.

விடியும் முன்பே மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, வழியில் பஸ் மாறி, உச்சி வெயிலில் போய் இறங்கினோம். ஊருக்குள் நுழைய வெள்ளையடித்த பெரிய வாசல் ஒன்று இருந்தது. அதன் இரண்டு பக்கமும் மதில் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. மிச்ச மதில் எங்கே என்று கேட்டேன். அப்பா காதில் வாங்கவில்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டு முகத்தையும் மூடிக்கொண்டார். “நீங்க முன்னால போங்க, வாரேன்” என்றார். வெயிலுக்குத்தான் துண்டு என்று நினைத்தேன். அப்படியென்றால் முகத்தை ஏன் மூட வேண்டும் என்பது விளங்கவில்லை.

உள்ளே நேரான தெரு ஒன்று கடலைப் பார்த்துப் போனது. தேவாலயம், தூண் வைத்த பழைய வீடுகள், தெருக் கடைசியில் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. அப்பா எதையும் பார்க்கவில்லை. பக்கத்துத் தெருக்களில் நுழைந்து, வீடுகளின் கொடியில் காயும் துணிகளைப் பார்த்தார். சின்னப் பிள்ளைத் துணி காய்கிற வீடு வந்தால் அவர் நடை தளரும். ஒருவர் நிறுத்தி, யார் வீட்டைத் தேடுகிறீர்கள் என்று விசாரித்தார்.

“சும்மா, மதிலப் பாக்க வந்தோம்ணே” என்றார் அப்பா, ஒரு பாவாடையைப் பார்த்தபடி.

கால் வலித்து நானும் அம்மாவும் தேவாலய மர நிழலில் உட்கார்ந்துவிட்டோம். அம்மா முந்தானைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினாள். “ஆமா, வந்துருக்காரு. கோட்டைக்கு முன்னால மணல்ல இருப்போம். நீயா வந்த மாதிரி வா.” யாரம்மா என்று கேட்டேன். ராங் நம்பர் என்றாள். ராங் நம்பரோடு அத்தனை பிரியமாக யாரும் பேசி நான் பார்த்ததில்லை.

அப்பா தோற்றுப்போன முகத்தோடு திரும்பி வந்தார். அம்மா அவரைக் கோட்டைப் பக்கம் கூட்டிப் போனாள். அவர் கோட்டை மதில் நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மணலில் குழி தோண்டினேன். எங்கிருந்தோ ஒரு சின்னப் பெண் ஓடி வந்து, கேட்காமலேயே என் குழியைத் தோண்ட ஆரம்பித்தாள். என்னைவிடச் சிறியவள். காலில் செருப்பு இல்லை. குனிந்தபோது பார்த்தேன், காதில் தோடும் இல்லை, தோடு போடத் துளையும் இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பக்கத்தில் மொட்டை போட்டுக் காது குத்தாமல் ஒரு பிள்ளையும் இந்த வயதுக்கு வராது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். பெற்ற தகப்பனே ஆனாலும் பக்கத்தில் நிற்கலாம், மடி கொடுக்க முடியாது. கூடப்பிறந்தவன் இல்லாதவர்கள்கூட அண்ணன் முறைக்கு ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துக் குத்திவிடுவார்கள்.

“ஏன் ஒனக்குக் காது குத்தல?” என்று கேட்டேன்.

“மாமா மடியில உக்காந்துதான் குத்தணுமாம். மாமா இன்னும் வரல.”

“எங்க இருக்காரு?”

“மதுரையில. பெரிய பழக்கடை வச்சிருக்காராம். கடைய விட்டுட்டு வர முடியாதாம். ஆனா வருவாராம், அம்மா சொன்னாங்க.”

எனக்கு ஒரே பெருமையாகிவிட்டது. மதுரைப் பழ வியாபாரிகளில் அப்பாவுக்குத் தெரியாத ஆளே கிடையாது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

“அப்பா, இவ மாமா நம்ம மதுரையில பழக்கட வச்சிருக்காராம். காது குத்த வரவே மாட்டேங்குறாராம். ஒங்களுக்கு அவரத் தெரியுமா?”

அப்பா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பிறகு காதைப் பார்த்தார். யாரையாவது மாமன் முறைக்கு வைத்து எப்போதோ குத்தியிருப்பார்கள் என்றுதான் அவர் நினைத்திருப்பார். துண்டு தலையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

“தெரியும்” என்றார். “அவன் ஒரு கிறுக்குப்பய.”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க மாமாவ அப்டிச் சொல்லாதீங்க” என்றாள்.

அப்பா அவளை அள்ளி மடியில் உட்கார வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். சரக்கு லாரி கவிழ்ந்தபோதுகூட அழாதவர். யாரென்றே தெரியாத பிள்ளைக்குக் காது குத்தாததற்கு இவர் ஏன் அழ வேண்டும்? அதுவும் நான் உட்கார வேண்டிய மடியில் அவளை வைத்துக்கொண்டு? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அப்போதுதான் கொஞ்ச தூரத்தில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அருகில் வந்து “அண்ணே” என்றாள். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் பக்கம் பஸ் கண்டக்டரும் அண்ணே, டீ மாஸ்டரும் அண்ணே.

அப்பா கடலைப் பார்த்தபடியே சத்தம் போட்டார். “இந்த வெயில்ல புள்ளயச் செருப்பு இல்லாமயா கூட்டிட்டு வருவ? அறிவிருக்கா ஒனக்கு?”

முன்பின் தெரியாதவளைத் திட்டுகிறாரே என்று எனக்குப் பயமாகிவிட்டது. அவளோ திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வரச் சொல்லி அவள் கெஞ்சினாள். “இன்னைக்கு வேணாம்” என்றார் அப்பா. ஆனால் பஸ் நிற்கிற இடம் வரை அந்தச் சின்னப் பெண்ணை இடுப்பிலிருந்து அவர் இறக்கவில்லை.

திரும்பி வரும்போது எனக்கு மனசே ஆறவில்லை. என் கோபமெல்லாம் அந்த மாமா மேல் திரும்பிவிட்டது.

“சிம்மக்கல்லுல அந்த மாமாவப் பாத்தா சும்மா விடாதீங்கப்பா” என்றேன். “ஏன் இன்னும் போகலன்னு நாக்கப் புடுங்குற மாதிரி கேளுங்க.”

“கேட்டுட்டேன் தாயி.”

“என்ன சொன்னாரு?”

“வாரேன்னுட்டான்.”

சொல்லிவிட்டு அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் மாமாவைப் பற்றிச் சொன்னதிலிருந்து அவர் எங்கள் கூடவேதான் இருந்தார். போனைக்கூடக் கையில் எடுக்கவில்லை. அந்த மாமாவிடம் எப்போது கேட்டார் என்று மதுரை வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.