விளக்கேற்றிய நேரம் யாருடைய கணக்கில்?

கொழும்புக்கு வந்து நீண்டதூர டிரையத்லன் செய்ய நினைக்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கடலில் 1.9 கிலோமீற்றர் நீச்சல், பிறகு சயிக்கிளில் 90, பிறகு 21.1 ஓட்டம். இடையில் படுத்துக்கிடக்க நேரம் தரமாட்டார்கள். எட்டரை மணித்தியாலத்துக்குள் முடித்தால் மெடலும் பெறுபேற்றில் பெயரும். இல்லாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் 'முடிக்கவில்லை' என்று விழும். நான் போனது இந்த வருடம் மாசி மாதம். எரிச்சல் அடங்கினபிறகு எழுதுவோம் என்று பார்த்தேன். அது அடங்குகிற எரிச்சலாகத் தெரியவில்லை.

எனக்கு நாற்பத்தேழு வயது. வவுனியாவில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. நாற்பத்து மூன்றில்தான் நீச்சல் பழகினேன். எங்களூரில் கடல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போய் நீந்துவேன். "உனக்கென்ன விசரே?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. என் வயதில் வன்னியில் வளர்ந்த பெண்களுக்குப் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி என்று சொல்ல ஒன்றும் ஒழுங்காக வாய்க்கவில்லை. நாங்கள் ஓடியதெல்லாம் இடம்பெயர்ந்து ஓடியதுதான். ஒருதரமாவது ஒரு கோட்டைத் தாண்டவேண்டும், அங்கே நிற்கிற யாராவது என் பெயரை வாசிக்கவேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

வவுனியாவிலிருந்து கொழும்பு ரயிலில் சுமார் 250 கிலோமீற்றர். சயிக்கிளைக் காவலர் பெட்டியில் பார்சலாகப் போடலாம். முன்சில்லைக் கழற்றி, கியர் இருக்கிற பக்கத்துக்குப் பழைய சாக்கு சுற்றிவிடுங்கள். மீன்பெட்டியோடு சேர்த்து அடுக்குவார்கள். கோட்டை ஸ்டேஷன் வரை போகாமல் மருதானையில் இறங்குங்கள். ஸ்டேஷனைச் சுற்றிச் சயிக்கிள் திருத்துகிற கடைகள் இருக்கின்றன. வழியில் நெளிந்த சில்லை ஒருவர் அரை மணித்தியாலத்தில் நேராக்கித் தந்தார், 700 ரூபா. அங்கிருந்து வெள்ளவத்தைக்குச் சயிக்கிளிலேயே போய்விட்டேன், எட்டு கிலோமீற்றர் வரும். த்ரீவீலுக்குள் சயிக்கிளை ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் லொட்ஜ், இரவுக்கு 4500. சயிக்கிளை அறைக்குள் வைக்க விடுவார்களா என்று முதலே கேளுங்கள். என் லொட்ஜ் முதலாளி விட்டார், ஆனால் "மதிலில கிறீஸ் பட்டா நீங்கதான் பெயின்ற் அடிச்சுத் தரவேணும்" என்றார். பகிடிக்குச் சொன்னமாதிரித் தெரியவில்லை. இடியப்பமும் சொதியும் நடக்கிற தூரத்தில். விடிய மூன்றரைக்கு ஒன்றும் திறந்திருக்காது, வாழைப்பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் பின்னேரம் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் விளக்கக் கூட்டம். அங்கேதான் ஜெசிந்தாவை நேரில் கண்டேன். கொட்டாஞ்சேனைக்காரி, கப்பல் ஏஜென்சி ஒன்றில் கணக்குப் பகுதியில் வேலை. ஒரு வருடமாக வட்ஸ்அப்பில் கதைத்துப் பழக்கம். என்னை விட ஐந்து வயது இளையவள், என்னை விட மெதுவாக நீந்துவாள், என்னை விட நன்றாக ஓடுவாள். மூன்று லட்சத்துக்குக் குறைந்த சயிக்கிளோடு வந்தது நாங்கள் இருவரும் இன்னும் சிலரும்தான். மற்றதெல்லாம் கார்பன். ஒருவர் தன் சயிக்கிளுக்குத் தனியாக ஒரு வானே பிடித்து வந்திருந்தார்.

பதியும்போது எவ்வளவு நேரத்தில் முடிப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் ஒளிக்காமல் எட்டு மணித்தியாலம் என்று போட்டிருந்தோம். அந்த நேரங்களின்படி ஆட்களைக் குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். ஆறு மணிக்கு எலீட் குழு கடலுக்குள் இறங்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு குழு, கடைசிக் குழு ஆறு இருபதுக்கு. எங்கள் இருவரையும் போட்ட அந்தக் கடைசிக் குழுவுக்குப் பெயர் 'ஃபன் வேவ்'. நான்கு வருடம் பஸ் ஏறி நீந்தப் பழகினதில் என்ன ஃபன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சரி, பெயரில் என்ன கிடக்கு என்று விட்டேன். "உங்கட வேவ் தண்ணிக்குள்ள இறங்கின நேரத்தில இருந்து எட்டரை மணித்தியாலம்" என்று மேடையில் தெளிவாகச் சொன்னார்கள்.

சொன்னவர் ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஒரு டொக்டர். எங்கள் ஆள்தான், பூர்வீகம் யாழ்ப்பாணம், வீடு வெள்ளவத்தை. தமிழில் கதைத்ததும் எனக்குப் பெரிய சந்தோசம். ஊர் பெயரைக் கேட்டார், "வெரி குட்" என்றார். அன்றிரவு அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, எங்கட ஒராள் மேலிடத்தில் இருக்கிறார் என்றுகூடச் சொன்னேன். இப்போது நினைத்தால் வாயைக் கழுவவேண்டும் போல இருக்கிறது.

வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடல் ஆறு கிலோமீற்றர். நான்கரைக்கே போய்விட்டேன், ஜெசிந்தாவும் வந்துவிட்டாள். ஆறு மணிக்கு எல்லோரும் நீச்சல் தொப்பியோடு கரையில் நிற்கிறோம், குத்துவிளக்கு வருகிறது. எங்கள் நாட்டில் மங்கள விளக்கு ஏற்றாமல் மலசலகூடம்கூடத் திறப்பதில்லை, அதனால் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் அதைக் கடற்கரையில் வைத்துக் கொளுத்தலாம் என்று நினைத்த அறிவாளி யாரோ. பிரதம விருந்தினர் ஒரு திரி, அனுசரணையாளர் ஒரு திரி, அவர் மனைவி ஒரு திரி. முதல் திரி எரிந்தால் மூன்றாவது அணைகிறது, மூன்றாவதைக் கொளுத்தினால் முதலாவது. படம் எடுக்கிறவர் ஐந்தும் எரியவேண்டும் என்று நிற்கிறார். நாலு பேர் சேலைத் தலைப்பாலும் கோட்டாலும் காற்றை மறைத்துக்கொண்டு நின்றார்கள். டொக்டருக்குக் கிடைத்தது நான்காவது திரி. அதோடு மைக்கைப் பிடித்து, விடாமுயற்சியைப் பற்றி மூன்று மொழியிலும் பேசினார். பக்கத்தில் ஜெசிந்தா குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு, "நாம விடாமுயற்சி செய்ய விடுறாங்க இல்லையே, அக்கா" என்றாள்.

எலீட் குழு இறங்கியது ஆறரைக்கு. எங்களை இறக்கியது ஆறு ஐம்பதுக்கு.

போட்டியைப் பற்றி வீரம் பேச எனக்கு வராது. கடல் அலைக்கழித்தது, இரண்டு தரம் உப்புத் தண்ணீர் குடித்தேன். சயிக்கிள் பாதை மட்டமானது, ஆனால் பத்து மணிக்குப் பிறகு எதிர்க்காற்று. ஓட்டத்தில் பன்னிரண்டாவது கிலோமீற்றரில் என் தொடை பிடித்துக்கொண்டது. முன்னால் போன ஜெசிந்தா திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள். போ என்றேன். "தனியா போய் என்ன செய்ய" என்றாள். நடந்தும் ஓடியும் போனோம். என் கடிகாரத்தில் நேரம் இருந்தது. கடைசி நான்கு கிலோமீற்றரை அழுதழுது ஓடினேன், நேரத்துக்குள் முடிக்கப்போகிறோம் என்று தெரிந்த அழுகை.

கடைசித் திருப்பத்தில் பொலிஸ்காரர் தடுப்புகளை இழுத்துக்கொண்டிருந்தார். "நங்கி, தென் பார அரினவா" என்றார் சிங்களத்தில். பாதையைத் திறக்கப்போகிறார்களாம். பஸ் ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனது. முடிவு வளைவு இருந்த இடத்தில் இரண்டு பேர் காற்றுப்போன வளைவை மடித்துக்கொண்டிருந்தார்கள். கார்ப்பெட் சுருட்டியாயிற்று. மணிக்கூடு லொறியில். நேரம் பின்னேரம் மூன்று எட்டு. நாங்கள் இறங்கி எட்டு மணித்தியாலமும் பதினெட்டு நிமிடமும். கோடு எங்கே இருந்தது என்றுகூடத் தெரியாமல் ஒரு குத்துமதிப்பில் தாண்டினோம். யாரும் பெயர் வாசிக்கவில்லை.

கூடாரத்துக்குள் பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. மேடையில் பிரதம விருந்தினர், அனுசரணையாளர், அவர் மனைவி. முதலாவதாக வந்த ஆமிப் பெடியன் ஓரத்தில் நின்றான். படம் எடுக்கிறவர் அவனை இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னார். அவனுக்கே அந்த மரியாதை என்றால் எங்களுக்கு என்ன. டொக்டரைத் தேடிப் பிடித்தேன். கடிகாரத்தைக் காட்டினேன். மூன்று மணிக்குப் பாதையைத் திறக்கவேண்டும், பொலிஸ் அனுமதி அவ்வளவுதான், பெறுபேறு மூடியாயிற்று என்றார்.

"நீங்கள்தானே நேற்று எட்டரை மணித்தியாலம் எண்டு சொன்னீங்கள்?"

"அது ஆறு மணிக்குத் தொடங்கியிருந்தால்."

"அது எங்கட பிழையே? அரை மணித்தியாலம் விளக்குக்குப் போனது."

அவர் குரலைத் தாழ்த்தினார், எனக்காக இரங்குகிறவர் மாதிரி. "தங்கச்சி, நடந்து நடந்து வாற எல்லாரையும் ஃபினிஷர் எண்டு சொல்ல ஏலாது. பிறகு அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. வேகமா வந்த ஆக்களுக்கு நாங்கள் செய்யிற அநியாயம் அது."

வேகமாக வந்த பெடியன் கூடாரத்துக்கு வெளியே தரையில் இருந்து சோத்துப் பார்சல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் எங்களை ஒரு அநியாயமாகவும் பார்க்கவில்லை. விளக்கோடு எங்கள் அரை மணித்தியாலத்தைத் தின்ற ஆள்தான் அந்தச் சொல்லுக்குக் காவல் நிற்கிறார். நாலு வார்த்தை கேட்கத்தான் நினைத்தேன், ஆனால் தொடை இழுத்த இழுப்பில் பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

அவர் மேசைக்குக் கீழே இருந்த பெட்டியிலிருந்து இரண்டு மெடலை எடுத்து நீட்டினார். "மனவருத்தத்தோட போகவேண்டாம். வைச்சுக்கொள்ளுங்கோ." மிஞ்சின பலகாரத்தை வேலைக்காரிக்குக் கொடுக்கிற கை அது. எனக்கு வேண்டாம் என்றேன். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள், பிறகு கையை நீட்டினாள். "நான் எடுக்கிறேன் அக்கா. மகள் பார்த்துக்கிட்டு இருப்பா." எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. வந்ததை மறைக்கவும் இல்லை. கொட்டாஞ்சேனை வரைக்கும் நான்கு கிலோமீற்றர் சயிக்கிளை உருட்டினோம், நான் முன்னால், அவள் பின்னால்.

அவள் வீடு கோயிலுக்குக் கிட்ட, ஒடுங்கிய ஒழுங்கையில் மாடியில். மகள் ஷெரினுக்குப் பதினாறு வயது. தாயின் கழுத்தில் மெடலைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள், அதைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டு, ஃபோனில் படம் எடுத்தாள். பிறகு திருப்பிப் பார்த்தாள்.

"மம்மி, இதில வொலன்டியர்னு போட்டிருக்கே."

தண்ணீர்க் குவளை நீட்டுகிற தொண்டர்களுக்கு அடித்த மெடல். ஜெசிந்தா வாங்கிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் அதைக் கவிழ்த்து வைத்தாள். "மாறிக் குடுத்திருப்பாங்க" என்றாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள், கோழிக்கறி போட்டாள், இன்னும் போடுங்க அக்கா என்றாள். ஒரு வருடப் பழக்கத்தில் அவள் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை. அவள்மேல் கோபப்பட்டதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

ஈமெயில் எழுதினோம். பதில் வந்தது: எங்கள் உற்சாகத்தைப் பாராட்டுகிறார்களாம். பெறுபேற்றில் இன்றைக்கும் இரண்டு பேருக்கும் 'முடிக்கவில்லை'தான்.

இனிப் போக நினைக்கிறவர்களுக்கு. எல்லாமாக எனக்கு, பதிவுக்காசு நீங்கலாக, இருபத்தோராயிரம் ரூபா முடிந்தது. மாசியில் கடல் அவ்வளவு மோசமில்லை. வெள்ளவத்தையில் தங்குங்கள், சாப்பாடு சுகம். நீச்சல் உடுப்போடு நிற்கக் குளிரும், ஒரு பழைய சேர்ட் போட்டுக்கொண்டு போங்கள், விளக்கு எரியும்வரை தேவைப்படும்.

முக்கியமானது ஒன்று. எவ்வளவு நேரத்தில் முடிப்பீர்கள் என்று கேட்டால் உண்மை சொல்லாதீர்கள். ஐந்தரை என்று போடுங்கள். முன்னுக்கு இறக்குவார்கள், மூன்று மணிக்கு முன்னால் உங்களுக்கு இன்னும் இருபது நிமிடம் கிடைக்கும். வேகமான ஆட்கள் உங்கள் தலைக்கு மேலால் நீந்திப் போவார்கள், காலால் மூஞ்சியில் அடிப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெசிந்தா இனி வரமாட்டாளாம். சயிக்கிளை விற்க ஆள் பார்க்கிறாள். நான் போன கிழமை அடுத்த வருடப் போட்டிக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதிந்துவிட்டேன், இருவருக்கும் ஐந்தரை மணித்தியாலம் என்று. அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. ஷெரினிடம் மட்டும் சொன்னேன், சயிக்கிளை வாங்க யார் வந்தாலும் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லச் சொல்லி.