நாலுக்கு ஒரு தப்பு

சேலையில் தப்பு கண்டால் சுகன்யா முதலில் பார்ப்பது ஒன்றுதான். ஓர் இடத்தில் மட்டும் இருக்கிறதா, அளந்து வைத்ததுபோல் திரும்பத் திரும்ப வருகிறதா? ஒரு தரம் வந்தால் கை தவறியது. திரும்பத் திரும்ப வந்தால், தறிக்கு மேலே சுற்றும் டிசைன் அட்டையிலேயே அப்படித் துளை போட்டிருக்கிறார்கள். ஆரணியில் பட்டுத்தறியில் உட்கார்ந்த பத்தொன்பது வருஷத்தில் இது அவளை ஏமாற்றியதில்லை.

அதனால்தான், கையெழுத்துக்காக மகள் மோனிஷா நீட்டிய கணக்குப் பரீட்சைத் தாளைச் சட்டென்று திருப்பித் தரவில்லை. ஏழாம் வகுப்பு. இருபத்தைந்துக்குப் பத்தொன்பது. இதற்குமுன் அவள் ஒரு மார்க்குகூட விட்டதில்லை.

"வுடு. இப்பதான் மனுசப் பொறவியா மார்க்கு வாங்கியிருக்குது," என்று சொல்லிவிட்டு அவள் கணவன் சரவணன் விசைத்தறி வேலைக்குக் கிளம்பிப் போனான்.

நாலாவது கணக்கு தப்பு. எட்டாவது தப்பு. பன்னிரண்டாவது, பதினாறாவது... டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்த விடையைவிட ஒவ்வொன்றும் சரியாக ஒன்று கூடுதல்.

"இது கை தப்பு இல்லடி. அட்டைத் தப்பு. வேணும்னே போட்டிருக்குற."

மோனிஷா அழவில்லை. "ஃபர்ஸ்ட் வந்தா லீடர் ஆக்கிட்றாங்கம்மா."

"ஆக்கினா இன்னா? நல்லதுதானே?"

"கணக்க ஜல்தி முடிச்சிட்டு சும்மா குந்திகினு இருக்கேன்னு சாக்பீஸ குடுத்துட்றாங்க. பேசுறவங்க பேர போர்டுல எழுதணும். எழுதினா ஒருத்தரும் என்னாண்ட பேசுறதில்ல. உதயா பேரக்கூட எழுதிட்டேன்."

உதயா ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்த பெண். போன மாதம் வரை வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள். ஏன் வருவதில்லை என்று சுகன்யா கேட்கவேயில்லை. சேலையை முடிக்கும் அவசரம். நாள் முழுக்கத் தறியில் தனியாக உட்காருவது அவளுக்குப் பழகிப்போன வேலை. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் அப்படி உட்காருவது எப்படி இருக்கும்?

மறுநாள் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போனாள். பிள்ளைகள் வட்டவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மோனிஷா குழாயடிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, டப்பா மூடியில் சோற்றை வைத்துப் பிசைந்துகொண்டிருந்தாள். கூப்பிடாமல் கடந்து போனாள் சுகன்யா.

"நாப்பத்திநாலு புள்ளைங்கம்மா," என்றார் புஷ்பலதா டீச்சர். "இது அஞ்சு நிமிசத்துல முடிச்சிட்டு ஜன்னலப் பாத்துகினு இருக்குது. ஏதாவது வேலை குடுக்கணும்ல? கௌரவமா இருக்கட்டும்னுதான் லீடர் ஆக்கினேன்."

"வேலைதாங்க டீச்சர் அவளுக்கும் வேணும். காவக்கார வேலை வேணாங்க. கணக்கே குடுங்க. அவளுக்கு வராத கணக்கா."

"நாலுக்கு ஒரு தப்புங்க, பாருங்க," என்று சுகன்யா நீட்டிய பரீட்சைத் தாளை டீச்சர் வாங்கினார். நாலு, எட்டு, பன்னிரண்டு என்று விரல் நகர்ந்தது. "திருத்தும்போது எனக்குத் தோணலியே," என்றார், சுகன்யாவைப் பார்க்காமல்.

சாக்பீஸ் அதே வகுப்புப் பையன் அருள்மணி கைக்குப் போனது. வகுப்புக் கணக்கை முடித்ததும் மோனிஷாவுக்குத் தனியாக ஒரு கணக்கு. வேண்டுமென்கிறவர்கள் சேர்ந்து போடலாம் என்றார் டீச்சர். ஒருவரும் சேரவில்லை. பத்து நாள் அவள் தனியாகவே போட்டாள்.

பதினோராம் நாள் சாயங்காலம் நோட்டைத் திறந்தபடியே வீட்டுக்குள் வந்தாள்.

"வரலம்மா."

அந்த வார்த்தையை இவள் வாயிலிருந்து சுகன்யா கேட்டதே இல்லை. தறியை நிறுத்தினாள்.

"உதயா எட்டிப் பாத்துட்டு, 'உனக்கே வரலியாடி?'ன்னா."

"கிண்டலா?"

"கிண்டல்தான். அப்புறம் அவளும் போட்டுப் பாத்தா. அவளுக்கும் வரல. அதுக்குள்ள அருள்மணி போர்டுல எழுதிட்டான், ரெண்டு பேர் பேரையும்."

சுகன்யா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வூட்டுக்கு வரச் சொன்னியா அவள?"

"இன்னும் கேக்கல," என்று சொல்லிவிட்டு, மோனிஷா பென்சிலைத் தேடினாள்.