லேத்துக்கு வைத்த சந்தனம்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒருநாளும் கார் நின்றதில்லை. இரும்பு கடையும் லேத்துதான் நின்றது. ராணுவப் பணிமனையில் இருபது வருஷம் இரும்போடு குடித்தனம் நடத்திவிட்டு வந்த அப்பா, மேலகரத்தில் வீடு கட்டியதும் முதலில் கொண்டுவந்து இறக்கியது அந்தப் பழைய லேத்தைத்தான். அம்மாவுக்குப் பீரோ வந்தது அதற்குப் பிறகு. இந்த வரிசையை அம்மா மறக்கவேயில்லை. குற்றாலத்தில் லாட்ஜ் நடத்திவந்த அம்மாவின் தம்பி, என் மாமா, வரும்போதெல்லாம் லேத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "அத்தான், இத எடைக்குப் போட்டா நல்ல வெல போவும்லா" என்பார். அப்பா துணியை எடுப்பார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைப்பார்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் பூப் போடுவதோடு சரி. அதனால் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பானர், சுத்தியல், அரம், எண்ணெய்க் கேன், சுவிட்சு, சுவிட்சுக்குப் போகும் வயர் என்று ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தேன். லேத்தின் வலது கோடியில் டெயில் ஸ்டாக் என்று ஒரு பாகம். அதன் நடுத் துளையில்தான் டிரில்லைக் கவ்விப் பிடிக்கும் சக்கு என்பதைச் செருகுவார்கள். சுத்தம் செய்வதற்காக அப்பா அதைக் கழற்றியிருந்ததால் துளை திறந்து கிடந்தது. வெளியில் மட்டும் பொட்டு வைத்தால் சரஸ்வதி ஓரவஞ்சனை என்று நினைத்துக்கொள்வாள் என்று எனக்குப் பட்டது. விரல் போனமட்டும் உள்ளே விட்டுச் சந்தனத்தை வழித்து வழித்துப் பூசினேன். கொஞ்சம் குங்குமமும் வைத்தேன்.

பூஜைக்கு லேத்து முழுசாக இருக்கட்டுமென்று அப்பா சக்கை எடுத்து, பார்க்காமலே துளையில் செருகி, மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மாமா மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். கைக்குட்டையில், லாட்ஜ் தண்ணீர் மோட்டாரிலிருந்து கழற்றிய, தேய்ந்துபோன புஷ் என்னும் பித்தளை வளையத்தை முடிந்திருந்தார்.

"அருவியில வெள்ளம் அத்தான். போலீசு ஒருத்தரையும் குளிக்க விடமாட்டேங்காவ. எண்ணெயத் தேச்சிட்டுப் போனவுக அப்படியே திரும்பி வந்துட்டாவ. லாட்ஜுக்கு வந்தா குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. முப்பது பேரு தலையில எண்ணெயோட வராந்தாவுல நிக்காவ!"

ஊர் முழுக்கத் தண்ணீர். மாமாவின் குழாயில் மட்டும் இல்லை. தென்காசி, செங்கோட்டை இரண்டு ஊரிலும் பட்டறைகள் பூஜை லீவில் பூட்டிக் கிடந்தன. சாயங்காலத்துக்குள் தண்ணீர் வராவிட்டால் எல்லோரும் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள், லாட்ஜ் பேரே கெட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டே மாமா கைக்குட்டையை அவிழ்த்தார். அப்பா புஷ்ஷை வாங்கி அளந்தார். முகத்தில் சந்தோஷம் தெரியக்கூடாது என்று அவர் பட்ட பாடு எனக்கே தெரிந்தது.

"ஒரு மணி நேரம் குடு மாப்ள" என்றார்.

புதிதாகக் கடையும் புஷ்ஷில் பெரிய துளை போட வேண்டும். அந்தப் பெரிய டிரில் சக்குக்குள் அடங்காது. சக்கைக் கழற்றிவிட்டு அதே துளையில் நேராகச் செருக வேண்டும். சக்கின் வாலும் துளையும் ஒரே சரிவில் சிறுத்துக்கொண்டே போகும். ஆணி கிடையாது, மரை கிடையாது, பிடிமானம் முழுக்க அந்தச் சரிவில்தான். பின்னாலிருக்கும் சக்கரத்தைக் கடைசிவரை சுற்றினால் உள்ளேயிருக்கும் திருகு இடித்துச் சக்கு தானாக வெளியே வந்துவிடும்.

வரவில்லை. அப்பா இன்னும் அழுத்திச் சுற்றினார். சக்கரம் நின்றுவிட்டது.

"ரெண்டு நாள் ஈரத்துல இப்படிப் பிடிக்காதே" என்று அப்பா முணுமுணுத்தபோதுதான் எனக்கு விரல் நுனியில் சந்தனம் மணத்தது. சொன்னால் முதுகு பழுத்துவிடும், சொல்லாவிட்டால் மாமாவின் லாட்ஜ் போய்விடும். சரஸ்வதியிடம் மனசுக்குள் சண்டை பிடித்தேன். உனக்காகத்தானே வைத்தேன்?

மாமா சும்மா இருப்பாரா? சட்டைப் பையிலிருந்த மசாஜ் எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து சக்கின் மேல் ஊற்றினார். "அது என்ன இடுப்புப் பிடிப்பா மாப்ள?" என்று அப்பா கத்தினார். பிறகு அந்தத் துளை இருக்கும் உருளையைச் சக்கோடு அப்படியே டெயில் ஸ்டாக்கிலிருந்து உருவி, இரண்டு செங்கலுக்கு நடுவில் சக்கு கீழே தொங்குகிற மாதிரி நிறுத்தி, பின்பக்கத் துளை வழியாகக் கம்பியை விட்டு அடித்தார். கம்பிதான் வளைந்தது.

டீ கொண்டுவந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"டம்ளரு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டா அடிக்கவா செய்யுதோம்? வெளிய வெந்நி, உள்ள ஐசுத் தண்ணி. இருவது வருசம் என்னத்தப் படிச்சியளோ!"

அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, ஐஸ் எடுத்துட்டு ஓடியா!"

என் வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. பிரிட்ஜிலிருந்த ஐஸ் முழுவதையும் துண்டில் கட்டி, குத்தவைத்து உட்கார்ந்து, சக்கின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தேன். மேலே உருளையில் துணியைச் சுற்றி, அதில் அம்மா கொதிக்கக் கொதிக்க வெந்நீரை விட்டாள். ஆவி முகத்தில் அடித்தது, கை விறைத்தது. மாமா கையை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. அந்தத் தண்டனை எனக்கு வேண்டியிருந்தது.

"தள்ளிக்கோ பிள்ளே!"

புதுக் கம்பியை விட்டு அப்பா அடித்தார். டங். இன்னொரு டங். மூன்றாவதுக்கு டொக்கென்று ஒரு சத்தம். சக்கு கழன்று கீழே விரித்திருந்த சாக்கில் விழுந்து உருண்டது. மாமா அப்பாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். அம்மா வெந்நீர்ச் சட்டியோடு சிரித்தாள். நானும் குதித்தேன், சக்கின் வாலைப் பார்க்கும்வரை. துருவோடு மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"என்ன அத்தான் மஞ்சளா இருக்கு?"

அப்பா அதை மூக்கருகே கொண்டுபோனார். யாரையும் பார்க்கவில்லை.

"பழைய கிரீசு மாப்ள. காஞ்சா இப்படித்தான் ஆவும்."

வாலையும் துளையையும் துடைத்துவிட்டுத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. கூடவே அப்பாவை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் மண்ணெண்ணெயிலேயே புழங்கி, சந்தனத்துக்கும் கிரீசுக்கும் வித்தியாசம் தெரியாமல் மூக்கு கெட்டுப்போய்விட்டதே என்று.

சாயங்காலம் லாட்ஜில் குழாய் இரண்டு தடவை செருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியபோது வராந்தாவே கூச்சல் போட்டது. "எங்க அத்தான் லேத்துல செஞ்ச புஷ்ஷாக்கும்!" என்று மாமா ஒவ்வொரு எண்ணெய்த் தலையாக நிறுத்திச் சொன்னார். எடைக்குப் போடுகிற பேச்சு அன்றோடு நின்றது.

அடுத்த வருஷப் பூஜைக்கும் சந்தனக் கிண்ணத்தை அப்பா என்னிடம்தான் தந்தார். இந்தத் தடவை டெயில் ஸ்டாக்கின் துளையில் வெள்ளைத் துணியை உருட்டி இறுக்கமாக அடைத்திருந்தார்.

"எதுக்குப்பா இது?"

"தூசி போவும்லா."

திடீரென்று தூசிமேல் அப்பாவுக்கு என்ன பயம் என்று நினைத்துக்கொண்டே, அந்தத் துணிக்கும் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். பக்கத்தில் நின்ற அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். பொட்டு அவ்வளவு அழகாக அமைந்துவிட்டது போல என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.